யானைத் துப்பாக்கியின் குழல் அளவு: ஒரு வரலாற்றுக் குறிப்பு

ஹட் பேயில் என் கடைக் கல்லாப்பெட்டியில் ஒரு காலித் தோட்டா கிடக்கிறது. பித்தளை. என் ஆள்காட்டி விரலைவிடக் கொஞ்சம் நீளம். அடிப்பக்கம் விளிம்பு கட்டியிருக்கும், வாய் ஒடுங்கியிருக்கும். அடியில் கைனாக் என்ற பெயரும் 470 என்ற எண்ணும் பொறித்திருக்கிறது. சமணக் குடும்பத்தில் பிறந்தவன் கல்லாவில் தோட்டாவுக்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். வீட்டுக்காரம்மாவும் அதையேதான் கேட்டாள். வீட்டுக்குள் சேர்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அதனால்தான் அது கடையில் இருக்கிறது.

அதைக் கொடுத்தவர் ஒரு வயதான மாவுத்தர். முதுமலைப் பக்கத்துக்காரர். லிட்டில் அந்தமானில் மரம் இழுக்க யானைகள் இருந்த காலத்தில் வேலைக்கு வந்தவர். கயிறும் மண்ணெண்ணெயும் வாங்க என் கடைக்கு வருவார். உட்கார்ந்தால் மணிக்கணக்கில் பேசுவார். அவருடைய தகப்பனார் கூடலூர், சீகூர்க் காடுகளில் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகளுக்கு அடி பார்த்துக் கொடுத்தவராம். துரை சுட்டுப் போட்ட தோட்டாவை மகனுக்கு விளையாடக் கொடுத்தாராம். அதன் வாயில் உதட்டை வைத்து ஊதினால் நல்ல விசில் வரும். பெரியவர் அதை ஊதித்தான் யானைக்குக் குரல் கொடுப்பார்.

"நயினாரே, இது நானூத்தி எழுவது. மொதல்ல நானூத்தி அம்பதுதான் இருந்துச்சாம். அதுல யானை விழலேன்னு இதைச் செஞ்சாங்களாம். எங்கப்பாரு சொல்லுவாரு" என்றார்.

நானும் பல வருஷம் அப்படித்தான் நம்பினேன். பிறகு கிடைத்த புத்தகங்களை எல்லாம் வாங்கிப் படித்தபோது, விஷயம் வேறு என்று தெரிந்தது. 450-ஐ விரட்டியது யானை அல்ல, அரசாங்கம். அந்தக் கதையைத்தான் இங்கே எழுத முற்படுகிறேன்.

ராத்தல் கணக்கு

வியாபாரி என்பதால் எடையிலிருந்து தொடங்குகிறேன். பழைய துப்பாக்கிகளுக்கு அளவு சொன்னது ராத்தலை வைத்து. ஒரு ராத்தல் ஈயத்தில் 12 உருண்டை வார்த்தால், அந்த உருண்டை நுழையும் குழல் 12 போர். எட்டு வார்த்தால் 8 போர். நாலே நாலு வார்த்தால் 4 போர். எண் குறையக் குறைய குண்டு பெருக்கும். 4 போர் குண்டு ஒன்று கால் ராத்தல். நம் பெரியவர்கள் "ரூபாய் எடை" என்றார்களே, அந்தத் தோலாக் கணக்கில் ஏறக்குறைய பத்து ரூபாய் எடை ஈயம், ஒரே குண்டில்.

இவ்வளவு பெரிசு எதற்கு? அன்றைக்கு இருந்தது கரிமருந்து. குண்டை ஓரளவுக்கு மேல் வேகமாகத் தள்ள அதனால் முடியாது. வேகம் கூட்ட முடியாதவன் எடையைக் கூட்டினான். அவ்வளவுதான் சூத்திரம்.

இதை ஆளுக்கேற்றபடி செய்து வாங்கியவர்களில் முக்கியமானவர் சாமுவேல் பேக்கர். பின்னாளில் நைல் நதியின் ஏரிகளைத் தேடிப் போனவர் இவரே. 1840-இல் பிரிஸ்டல் நகரத்து கிப்ஸ் என்பவரிடம் தம் திட்டப்படி ஒரு ரைஃபிள் செய்யச் சொன்னார். எடை 21 ராத்தல், அதாவது ஒன்பதரை கிலோ. குழல் நீளம் 36 அங்குலம். ஒரு வெடிக்கு ஒரு அவுன்ஸ் மருந்து. உருண்டைக் குண்டானால் 3 அவுன்ஸ், கூம்புக் குண்டானால் 4 அவுன்ஸ். இந்த ஆயுதத்தோடு பேக்கர் இலங்கைக்கு வந்தார். 1848-இல் நுவரெலியாவில் குடியேறினார்.

அந்த இலங்கையின் யானைக் கணக்கைக் கேட்டால் மனசு பதறும். மேஜர் ராஜர்ஸ் என்ற ஒரே அதிகாரி 1,400-க்கும் மேல் சுட்டதாகச் சொல்கிறார்கள். அவர் 1845-இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும், 1848-க்கு முந்திய மூன்று வருஷத்துக்குள் 3,500-க்கும் மேற்பட்ட யானைகள் கொல்லப்பட்டன என்று எமர்சன் டென்னன்ட் எழுதி வைத்திருக்கிறார். தென்மாகாணத்தில் 1851 முதல் 1856 வரை 2,000. தலைக்குச் சில ஷில்லிங் அரசாங்க வெகுமதி.

புகையில்லா மருந்து வந்தது

கரிமருந்து வெடித்தால் எதிரே புகைத்திரை எழும். சுட்டவன் குனிந்து புகைக்கு அடியில் பார்த்துத்தான் யானை விழுந்ததா, தன் மேல் வருகிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும். கார்டைட் என்னும் புகையில்லா மருந்து வந்ததும் இந்த நிலை மாறியது. 1898-இல் ரிக்பி கம்பெனி .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் என்ற தோட்டாவை வெளியிட்டது. குழலின் விட்டம் ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் அதில் 450 பங்கு என்பது பெயரின் பொருள். குண்டு 480 கிரெய்ன். ஒரு தோலா 180 கிரெய்ன் ஆகையால் இது இரண்டே முக்கால் ரூபாய் எடைக்கும் சற்றுக் குறைவு. பத்து ரூபாய் எடைக் குண்டு செய்த வேலையை, இந்தச் சின்னக் குண்டு வேகத்தால் செய்தது. பேக்கரின் ஒன்பதரை கிலோ எங்கே, தோளில் சாதாரணமாகத் தூக்கிப்போகும் ஐந்து கிலோ எங்கே!

இந்தத் துப்பாக்கிகளை வாங்குகிறவர் கடையில் தொங்குவதை எடுத்துப் போவதில்லை. தையற்காரனிடம் சட்டைக்கு அளவு கொடுப்பதுபோல் உடம்பளவு கொடுப்பார். விசையிலிருந்து தோள் வரைக்கும் கட்டையின் நீளம், கன்னம் படும் இடத்தின் தாழ்வு, வலப்பக்கம் எவ்வளவு சாய வேண்டும் என்று எல்லாம் அளந்துதான் வாதுமைக் கட்டை செதுக்கினார்கள். அளவு தப்பினால் உதை முழுதும் கன்னத்தில் இறங்கும்.

இரட்டைக் குழலில் இன்னொரு நுட்பம். இரண்டு குழலையும் சும்மா சேர்த்து ஒட்டினால் இரண்டு குண்டும் இரண்டு இடத்தில் போய் விழும். ஆகவே தொழிலாளி சுட்டுப் பார்ப்பான், குழல் வாய்களுக்கு நடுவே உள்ள சிறு ஆப்பை நகர்த்தி மறுபடி ஈயப்பற்று வைப்பான், மறுபடி சுடுவான். குறித்த தூரத்தில் இரண்டும் ஒன்றாக விழும்வரை இதே வேலை. இப்படிச் சரிபார்த்தது குறிப்பிட்ட ஒரு தோட்டாவுக்கு மட்டும்தான். மருந்தையோ குண்டையோ மாற்றினால் எல்லாம் கலைந்துபோகும். நம் நாட்டு வெயிலில் கார்டைட்டின் அழுத்தம் கூடிவிடும் என்பதால் வெப்ப நாடுகளுக்கென்றே மருந்தைக் குறைத்த தோட்டாக்களும் தயாராயின.

விலை அதிகமானாலும் இரட்டைக் குழலையே பலர் விரும்பியதற்குக் காரணம், அதில் இரண்டு விசை, இரண்டு பூட்டு. ஒன்று கெட்டாலும் மற்றது வெடிக்கும். யானைக்கும் காட்டெருமைக்கும் முழுக்கச் செம்பு-நிக்கல் அல்லது எஃகு உறை போர்த்திய கெட்டிக் குண்டு. அது எலும்பைத் துளைத்துப் போகும். புலிக்கு மூக்கில் ஈயம் தெரியும் குண்டு. உள்ளே போய் விரியும். இந்தச் சாமான்கள் பெரும்பாலும் லண்டனிலும் பர்மிங்காமிலும் செய்யப்பட்டவை. விற்றவர்கள் இங்கே இருந்தார்கள். கல்கத்தாவில் மான்டன், ராடா. சென்னை மவுண்ட் ரோட்டில் நாம் கடிகாரத்துக்கு அறிந்த பி. ஆர் அண்ட் சன்ஸ் பெயர் பொறித்த துப்பாக்கிகளும் உண்டு.

1907

இப்போது பெரியவரின் கேள்விக்கு வருவோம். பிரிட்டிஷ் படையின் பழைய மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கியின் தோட்டா 1871-இல் ஏற்கப்பட்டது. அதன் குண்டும் .450 வகை. அந்தத் துப்பாக்கிகள் திருடுபோயும் கைமாறியும் எல்லைப்புறங்களில் ஏராளமாக இருந்தன. வேட்டைக்காரன் பெயரில் வரும் .450 குண்டைப் பிடுங்கி அந்தத் தோட்டாவில் போட்டு யாராவது நம் மேலேயே சுட்டால் என்ன செய்வது என்று அரசாங்கம் பயந்தது. 1907-இல் இந்தியாவிலும் சூடானிலும் .450 அளவு தடைசெய்யப்பட்டது.

துப்பாக்கிக் கம்பெனிகளுக்கு இந்தியா பெரிய சந்தை. ராஜாக்கள், ஜமீன்தார்கள், தோட்ட முதலாளிகள், அதிகாரிகள் என்று எல்லாரும் இங்கேதான் இருந்தார்கள். விட மனசு வருமா? சட்டத்தில் சொன்ன எண்ணைத் தாண்டி ஒரு எண்ணைத் தேடினார்கள். ஹாலண்ட் கம்பெனி .465 கொண்டுவந்தது. வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் .476. இன்னும் .475 வகைகள். ஜோசப் லாங்கின் .470 எல்லாவற்றையும் முந்திக்கொண்டு நிலைத்தது.

பலம் எவ்வளவு கூடியது? .450 குண்டு 480 கிரெய்ன்; .470 குண்டு 500 கிரெய்ன். வேகம் இரண்டுக்கும் வினாடிக்கு 2,150 அடி. விட்டத்தில் உண்மையான வித்தியாசம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. இந்த வித்தியாசம் எந்த யானைக்கும் தெரிந்திருக்காது. சுங்க அதிகாரிக்குத்தான் தெரிந்தது. ஆப்பிரிக்கக் காட்டில் இன்றைக்கும் .470 ஏந்திப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு, அந்த எண் இந்தியர்கள் மேல் இருந்த பயத்தால் பிறந்தது என்று தெரியும்?

பயம் முழுக்க வீண் என்றும் சொல்ல முடியாது. 1914 ஆகஸ்டில் கல்கத்தா ராடா கம்பெனிக்கு வந்த சரக்கிலிருந்து 50 மவுசர் கைத்துப்பாக்கிகளும் 46,000 தோட்டாக்களும் வங்கப் புரட்சியாளர்கள் கையில் போய்ச் சேர்ந்தன. வங்கப் புரட்சியாளர்கள் பலர் அடைபட்டுக் கிடந்தது நம் போர்ட் பிளேர் செல்லுலார் சிறையில்தான் என்பதை இங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சின்னத் துப்பாக்கியின் பாவம்

அதே 1907-இல்தான் ஜிம் கார்பெட் சம்பாவத் பெண்புலியைச் சுட்டார். நேபாளத்திலும் குமாவூனிலுமாக 436 பேரை அது கொன்றது என்பது அன்றைய கணக்கு. கார்பெட் .500 ரைஃபிளுக்கு மூன்றே தோட்டா எடுத்துப் போனார். மூன்றும் தீர்ந்தபின் தாசில்தாரின் துப்பாக்கியை வாங்கி முடித்தார். புலியின் வாயைத் திறந்து பார்த்தால் வலப்பக்கத்து மேல் கோரைப்பல் பாதி இல்லை. கீழ்ப்பல் எலும்புவரை இல்லை. எவனோ எப்போதோ சுட்டுக் காயப்படுத்தி விட்ட பழைய ரணம். வழக்கமான இரையைப் பிடிக்க முடியாமல் அது மனிதனைப் பிடித்தது.

நம் பக்கத்தில் கென்னத் ஆண்டர்சன் எழுதியதும் இதுதான். ஜவளகிரி, பென்னாகரம் காடுகளில் .405 வின்செஸ்டரோடு திரிந்தவர் அவர். நாட்டுத் துப்பாக்கியால் அரைகுறையாகச் சுடப்பட்ட மிருகம் ஆட்கொல்லி ஆவதை அவர் திரும்பத் திரும்பச் சொல்கிறார். ஆகவே "எந்த அளவுக் குழல்?" என்ற கேள்வி வெறும் பெருமைக்குக் கேட்டது அல்ல. தப்பான அளவை எடுத்தவன் வீட்டுக்குப் போய்விடுவான். காயத்தோடு போன மிருகத்துக்கு விலை கொடுக்கிறவள் விறகு பொறுக்கப் போன ஏழைப் பெண்.

எங்கள் சமயத்தில் இம்சையைப் பல வகையாகப் பிரித்திருக்கிறார்கள். வேண்டுமென்றே செய்வது ஒன்று. தற்காப்புக்காக வேறு வழியில்லாமல் செய்வது இன்னொன்று. இல்லறத்தான் முதலாவதை அறவே விட வேண்டும். பேக்கரின் 21 ராத்தல் துப்பாக்கி முதல் வகை. சம்பாவத்தில் வெடித்தது இரண்டாம் வகை. படிக்கப் படிக்க இந்த வித்தியாசம் எனக்குத் தெளிவாயிற்று.

சென்னை போட்ட சட்டம்

நம்மவர்கள் பெருமைப்பட ஒரு செய்தி. காட்டு யானையைக் காக்க இந்தியா முழுமைக்கும் சட்டம் வந்தது 1879-இல். அதற்கு ஆறு வருஷம் முன்னால், 1873-லேயே, சென்னை மாகாணம் தன் சட்டத்தைப் போட்டுவிட்டது. கொன்றால் வெகுமதி என்றிருந்த நாட்டில் கொன்றால் தண்டனை என்று வந்தது. நீலகிரிக்கு 1879-இல் தனி வேட்டைச் சட்டம். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் பொழுதுபோக்கு வேட்டைக்கே இடமில்லாமல் போயிற்று.

1907-இன் நிழல் மட்டும் போகவில்லை. சுதந்திர இந்தியாவிலும் ராணுவத்தின் அளவு பொதுமக்களுக்குக் கூடாது. அதனால்தான் .303-க்குப் பதில் .315 என்ற அளவில் அரசுத் தொழிற்சாலைகள் ரைஃபிள் செய்து விற்றன. ஆள்பவர் மாறினாலும் கணக்கு அதேதான்.

2021-இல் முதுமலைப் பக்கம் டி23 என்ற புலி மனிதர்களைக் கொன்றதாகச் சொல்லி மூன்று வாரம் தேடினார்கள். கொல்லக் கூடாது என்று உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. அக்டோபர் 15 அன்று மயக்க ஊசி போட்டு உயிரோடு பிடித்தார்கள். 2023-இல் தேனிப் பக்கம் அரிக்கொம்பன் யானையையும் அப்படியே. கும்கிகளும் மாவுத்தர்களும் கூட இருந்தார்கள். துப்பாக்கி அன்றும் கையில் இருந்தது. அதன் குழலில் குண்டுக்குப் பதில் ஊசி இருந்தது.

உச்ச நீதிமன்றத்தின் 2002 உத்தரவுக்குப் பின் இங்கே மரவேலை நின்றது. பெரியவர் ஊருக்குக் கப்பல் ஏறும்போது தோட்டாவை என்னிடம் கொடுத்தார். 2004 சுனாமியில் என் கடையும், எழுதி வைத்த நோட்டுகளும் போயின. கல்லாப்பெட்டி மட்டும் சேற்றில் கிடைத்தது. உள்ளே இது கிடந்தது. 470-இன் உண்மைக் கதையை அவருக்குச் சொல்ல எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. அவரைப் போன்ற மாவுத்தர்கள் நம் தீவுகளில் இன்னும் சிலர் இருக்கலாம். சங்கத்து இளைஞர்கள் அவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதி வைக்க வேண்டும். கேட்டதை எடை போட்டும் பார்க்க வேண்டும். என்னிடம் தராசு இருக்கிறது, கடைக்கு வாருங்கள்.