மேலுறையும் உடைமையும்: மன்னார்க் கரையிலிருந்து ஒரு நோக்கு

மருந்தின் வரலாற்றைத் தனிமனித மேதைமையின் வரலாறாக மாத்திரம் எழுதும் மரபு இன்னும் வலுவாகவே உள்ளது. மன்னார் மாவட்டத்துப் பெரியமடு போன்றதோர் ஊரிலிருந்து நோக்குகையில், உற்பத்தியுறவுகளைப் புறக்கணிக்கும் அம்மரபின் போதாமை தெளிவாகின்றது. மருந்தேந்தும் நனோ துணிக்கைகளின் மேலுறை இதற்குத் தக்க சான்றாகும்.

உடலிற் சிதைந்து கரையும் பல்பகுதியங்களாலான இத்துணிக்கைகள் வெறுமனே குருதியுட் செலுத்தப்படின், குருதிப் புரதங்கள் அவற்றின்மீது படிகின்றன. ஈரலிலும் மண்ணீரலிலுமுள்ள விழுங்கு கலங்கள் அவற்றை இனங்கண்டு சில நிமிடங்களிலேயே அகற்றத் தொடங்குகின்றன. 1994இல் ருக்சாண்ட்ரா கிரெஃப், றொபேட் லாங்கர் முதலியோர் பொலியெதிலீன் கிளைக்கோலை மேலுறையாக அமைத்து, துணிக்கைகள் குருதியில் நெடுநேரம் உலவ வழிகண்டனர்.

ஆய்வாளர் கையாளும் பிறிதொரு மேலுறை கைற்றோசன். 1811இல் ஹென்றி பிராக்கொனோ காளானில் இனங்கண்ட கைற்றின் இறால், நண்டு ஓடுகளிலும் உண்டு. அதனைச் செறிந்த காரத்திற் கொதிக்கவைத்து மாற்றும் முறையை 1859இல் சார்ள் ரூஜே கண்டார். நேரேற்றமுடைய கைற்றோசன் மறையேற்றமுடைய சீதப்படலத்தில் ஒட்டி, மருந்து அங்குத் தங்கும் நேரத்தை நீட்டிக்கின்றது.

மன்னார்க் கடலோ நண்டும் இறாலும் நிறைந்தது. சதை ஏற்றுமதியாகின்றது, ஓடு கழிவாகின்றது. இக்கடலின் முந்திய வரலாறு ஈண்டு நினைவுகொள்ளற்பாலது. உட்புகுந்த அந்நியப் பொருள்மீது சிப்பி படலம் படலமாக இடும் மேலுறையே முத்து. 1905இல் பிரித்தானிய அரசுக்குப் பெருவருவாய் ஈட்டிய சலாபம், 1906இல் தனியார் கம்பனியொன்றுக்கு 20 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டது. 1907இன் பின் அது பொய்த்தது. மூச்சடக்கி மூழ்கியவன் ஒருவன், உடைமையாளன் வேறொருவன்.

இம்முரண்பாட்டை மருந்துத் துறையில் எதிர்கொண்டவர் பேராதனை மருந்தியற் பேராசிரியரும் இடதுசாரியுமான சேனக பிபிலே. 1971இல் எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் அவர் அளித்த அறிக்கையும், அவ்வாண்டு தோன்றிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனமும், மொத்தக் கொள்வனவையும் பொதுப்பெயர்ப் பயன்பாட்டையும் முன்வைத்தன. வணிகப் பெயரும் ஒருவகை மேலுறையே. அது மருந்தையன்று, இலாபத்தைக் காப்பது.

1990இல் வடபுல முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது பெரியமடு முஸ்லிம்களும் ஊரிழந்தனர். 2009இன் பின்னரே பலர் மீண்டனர். இத்தகைய மக்களை நுண்மருந்து சென்றடைவதைத் துணிக்கையின் மேலுறை மாத்திரம் நிர்ணயிப்பதில்லை. காப்புரிமையும் விலையும் அரசின் கொள்கையும் சேர்ந்தே நிர்ணயிக்கின்றன. ஓட்டைக் கழிவென எறியும் இக்கரை, அவ்வோட்டின் பயனை விலைகொடுத்து வாங்கும் சந்தையாக மாத்திரம் எஞ்சுமாயின், சலாபத்தின் வரலாறே மீண்டும் நிகழும். அதனைத் தடுப்பது ஆய்வுகூடத்தின் பணி மாத்திரமன்று. மக்கள் இயக்கத்தின் பணியுமாகும் என்பதே நமது துணிபு.