திராட்சைப் பந்தலும் பாலாற்று மணலும்

காஞ்சிபுரத்துக்கும் மதுவுக்கும் சம்பந்தம் உண்டு என்று சொன்னால் சின்ன காஞ்சிபுரத்துக்காரர்கள் சண்டைக்கு வந்துவிடுவார்கள். ஆனால் ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் எழுதிய 'மத்தவிலாசம்' என்ற நாடகம் காஞ்சியின் வீதிகளில், கள்ளுக்கடை வாசலில் நடப்பதுதான். கபாலத்தைத் தொலைத்த காபாலிகன் ஒருவன் போதையில் ஊரெல்லாம் தேடுகிறான். கடைசியில் பார்த்தால், எடுத்துப் போனது ஒரு நாய்!

"நாய்க்குக் கபாலம் எதுக்குத் தம்பி?" என்று கேட்டார், காரில் பக்கத்திலிருந்த பெரியவர்.

"அதில் வறுத்த இறைச்சி இருந்ததாம், ஐயா."

"அப்போ சரி."

பெரியவர் நெசவாளி. தீபாவளிச் சேலைகளை அறுத்துக் கொடுத்தாகிவிட்டது. ஐப்பசி மழையில் தெருவில் பாவு நீட்ட முடியாது, தறிக்குழியில் ஈரம். மகளைச் சின்னமனூரில் கொடுத்திருக்கிறார். 'தறியை விற்றுவிட்டு எங்களோடு வந்துவிடுங்கள்' என்று மாப்பிள்ளை கடிதத்துக்கு மேல் கடிதம். நான் கம்பம் பள்ளத்தாக்கைப் பார்க்கக் கிளம்பியதும் தொற்றிக்கொண்டார்.

வத்தலகுண்டு தாண்டியதும் மலைகள் நெருங்கி வந்தன. உச்சிகளில் மேகம், அடிவாரத்தில் பந்தல் பந்தலாகக் கருந்திராட்சை. ஒரு தோட்டத்தில் கவாத்து, அடுத்ததில் அறுவடை. வருஷம் முழுவதும் இங்கே ஏதாவது ஒரு பந்தலில் பழம் இருக்கும். இந்தப் பன்னீர் திராட்சையைப் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் 1832-இல் கொண்டுவந்தார் என்பார்கள். 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஆனால் கொடி வந்தால் போதுமா? தண்ணீர் வேண்டாமா?

மேற்கே கடலுக்குப் போன பெரியாற்றைக் கிழக்கே திருப்பலாம் என்று ராமநாதபுரம் பிரதானி முத்திருளப்ப பிள்ளை 1789-லேயே ஆள் அனுப்பிப் பார்த்தாராம். பணம் இல்லை. 1876-78 தாது வருஷப் பஞ்சம் லட்சக்கணக்கில் உயிரைக் குடித்த பிறகுதான் சர்க்காருக்கு விழிப்பு வந்தது. 1886-இல் திருவிதாங்கூரோடு 999 வருஷக் குத்தகை, மறுவருஷம் வேலை. பென்னிகுயிக் என்ற இன்ஜினீயர் போட்ட தடுப்புகளை வெள்ளம் மீண்டும் மீண்டும் அடித்துப் போயிற்று. காட்டுக் காய்ச்சலிலும் காலராவிலும் மாண்டவர்கள் நூற்றுக்கணக்கில். சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு கட்டிய அணை 1895 அக்டோபரில் திறந்தது. தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியே இந்தப் பக்கம் இறங்கியது.

லோயர் கேம்ப்பில் 2013-இல் திறந்த மணிமண்டபத்தில் பென்னிகுயிக் சிலையாக இருக்கிறார். கூலிகளின் பெயர் எந்தக் கல்லிலும் என் கண்ணில் படவில்லை. அணைக்குக் கீழே, மலைக்கு அந்தப்புறத்துச் சனங்கள் மழைக்காலத்தில் பயந்து பயந்து தூங்குகிறார்கள் என்பதையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

பெரியவர் வாய்க்காலில் இறங்கி நின்றார். பாலாற்றுத் தண்ணீரில் தோய்த்தால்தான் பட்டில் சாயம் பளிச்சென்று நிற்கும் என்பது காஞ்சிக்காரர் நம்பிக்கை. அந்தப் பாலாற்றில் இன்று, 2021 நவம்பரைப் போல வெள்ளம் வந்தாலொழிய, மணல்தான். அந்த மணலையும் வாரியாயிற்று.

ஒரு கை நீரை அள்ளி வாயில் விட்டுப் பார்த்தார்.

"நல்ல தண்ணி. சாயத்துக்கு ஆகும்."

"அப்படியானால் இங்கேயே இருந்துவிடுகிறீர்களா, ஐயா?"

வேட்டி நுனியைப் பிழிந்துகொண்டே கரையேறினார்.

"ஊருக்கு எப்போ திரும்பறோம், தம்பி? மழை விட்டா பாவு போடணும்."