மலைநகரச் சுற்றுலாவின் கார்பன் கணக்கு: நீலகிரி இ-பாஸை முன்வைத்து

சுற்றுலாத் தலம் ஒன்று தன் கார்பன் உமிழ்வை அளக்கப் புகும்போது முதலில் தீர்க்க வேண்டியது எல்லைச் சிக்கல். பயணி வந்து இறங்கிய பிறகு நிகழ்வதை மட்டும் எண்ணுவதா, வரும் வழியையும் சேர்ப்பதா? 2018இல் ‘நேச்சர் கிளைமேட் சேஞ்ச்’ இதழில் வெளியான ஆய்வு, உலகப் பசுங்குடில் வாயு உமிழ்வில் சுமார் 8 விழுக்காட்டைச் சுற்றுலாவின் பங்காகக் கணித்தது. பயணத்தோடு உணவும் கடைப்பொருளும் அதில் அடங்கும். 2021 நவம்பரில் வெளியான, சுற்றுலாத் துறைக்கான கிளாஸ்கோ பிரகடனம், 2030க்குள் உமிழ்வைப் பாதியாக்கும் இலக்கை ஏற்று, கையெழுத்திட்ட 12 மாதங்களுக்குள் செயல்திட்டம் தரும்படி கோருகிறது. அது வகுத்த ஐந்து வழிகளில் முதலாவது அளவிடுதல்.

நீலகிரியில் அந்த அளவிடுதலுக்கான கருவி ஏற்கெனவே இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமானது. 2025 கோடையில் வார நாட்களுக்கு 6,000, வார இறுதிக்கு 8,000 வாகனங்கள் என்ற வரம்பும் வந்தது. நெரிசலைத் தடுக்கப் பிறந்த ஏற்பாடுதான் இது. ஆனாலும் வாகன வகை, வருவோர் எண்ணிக்கை, தங்கும் காலம் ஆகிய விவரங்களைச் சேர்ப்பதால் கார்பன் கணக்கேடாகவும் அது பயன்படும்.

வரம்பின் குறை, வாகனத்தை எண்ணி ஆளை எண்ணாமல் விடுவது. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர். உதகை சுமார் 2,200 மீட்டர். ஒன்றரை டன் எடையுள்ள காரை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு மட்டுமே, என்ஜினின் வெப்ப இழப்பையும் சேர்த்தால், மூன்று லிட்டருக்கும் சற்றுக் கூடுதலான பெட்ரோல் எரியும். ஏழு கிலோவுக்கு மேல் கரியமில வாயு வெளியாகும். இருவர் மட்டும் வந்தால் ஆளுக்கு 750 கிலோ எடை மலையேறுகிறது. ஐம்பது பேருடன் 14 டன் எடையில் ஏறும் பேருந்தில் ஆளுக்கு 280 கிலோதான். இறக்கத்தில் பெட்ரோல் கார் அந்த ஆற்றலைப் பிரேக்கிலும் இரண்டாவது கியரில் வேகத்தை அடக்கும் என்ஜினிலும் வெப்பமாக இழக்கிறது. மின்வாகனமோ அதில் ஒரு பகுதியைப் பேட்டரிக்குத் திருப்புகிறது. ஆகவே மலைப்பாதையில் மின்பேருந்து தரும் ஆதாயம் சமவெளியில் கிடைப்பதைவிடக் கூடுதல். காலையில் ஏறி மாலையில் இறங்குபவர் இந்தச் செலவு முழுவதையும் ஒரே பகலுக்காகச் செய்கிறார். மூன்று இரவு தங்குபவருக்கு அதே செலவு பங்கிடப்படுகிறது.

எனவே இ-பாஸ் திட்டத்தின் அலகு வாகனமாக இருப்பது போதாது. ஒரு பயணியின் ஓர் இரவுக்கு எத்தனை கிலோ என்பதே அலகாக வேண்டும். பாஸ் ஒதுக்கீட்டில் நிறைந்த வண்டிக்கும் நீண்ட தங்கலுக்கும் முன்னுரிமை, மேட்டுப்பாளையத்திலும் கூடலூரிலும் வண்டியை நிறுத்திப் பேருந்தில் ஏறும் வசதி ஆகியவை அதிலிருந்தே கிளைக்கும். பேருந்துக்குப் பதிலாக மலை ரயிலை நம்ப இயலாது: மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு 46 கிலோமீட்டரை ஏற ஏறத்தாழ ஐந்து மணி நேரம் எடுக்கும் அதனால் கோடைக் கூட்டத்தைச் சுமக்க முடியாது.

பயணத்துக்கு அடுத்தது தங்குமிடம். விடுதிகளில் பெரும் ஆற்றல் செலவு வெந்நீருக்கும் அறைச் சூட்டுக்கும் ஆவது. சூரிய வெந்நீர்க் கலனும் வெப்பப் பம்பும் அதற்கு நேரடி மாற்று. குந்தா, பைக்காரா புனல் மின்நிலையங்கள் மாவட்டத்தில் இருப்பதைக் காட்டி விடுதி மின்சாரத்துக்கு உமிழ்வே இல்லை என்று கணக்கெழுதுவது தவறு. அம்மின்சாரம் மாநில மின்கட்டமைப்பில் கலந்துவிடுகிறது. விடுதியின் மீட்டருக்கு மின்கட்டமைப்பின் சராசரி உமிழ்வே பொருந்தும்.