நிகழ்நேரக் கணினிக் கட்டமைப்புகளில் தாமத அளவீடு

ஆயிரக்கணக்கானோர் ஒரே வேளையில் கட்டளையிட, பல இடங்களில் உள்ள கணினிகள் சேர்ந்து உடனுக்குடன் பதில் தரும் மென்பொருள்களின் வேகத்தை அளந்து கூட்டும் துறை இது. பங்குச் சந்தை, இணைய விளையாட்டு, காணொளி அழைப்பு எல்லாம் இதற்குள் அடங்கும்.

இத்துறையில் இலங்கையின் பங்கு சிறியதல்ல. லண்டன் பங்குச் சந்தையின் டிரேட்எலெக்ட் என்ற வர்த்தகக் கட்டமைப்பு 2008 செப்டெம்பர் 8ஆம் திகதி ஏறக்குறைய ஏழு மணி நேரம் முடங்கியது. மறு ஆண்டே அச்சந்தை, இலங்கையின் மாலபேயில் இயங்கிய மில்லெனியம் ஐடி நிறுவனத்தை 3 கோடி அமெரிக்க டொலருக்கு வாங்கியது. அந்நிறுவனத்தின் மென்பொருள் 2010 ஒக்டோபரில் டர்குவாய்ஸ் சந்தையில் இயங்கத் தொடங்கியபோது, சராசரித் தாமதம் 126 மைக்ரோசெக்கன் என்று அறிவிக்கப்பட்டது. கண்ணாடி இழையில் ஒளி ஒரு கிலோமீற்றரைக் கடக்க ஏறக்குறைய 5 மைக்ரோசெக்கன் ஆகும். கலேவெலவில் புறப்படும் ஒளி ஏ6 வீதியோரமாகத் தம்புள்ளையைத் தாண்டும் நேரம்தான் அந்த 126 மைக்ரோசெக்கன்.

ஆனால் சராசரியை நம்பக்கூடாது. ஒரு வேண்டுகோளுக்காக 100 கணினிகளைக் கேட்க வேண்டியிருந்து, ஒவ்வொன்றும் நூற்றில் ஒரு தடவை மட்டும் சுணங்கினாலும், நூற்றுக்கு 63 வேண்டுகோள்கள் சுணங்கிவிடும். கூகுளின் ஜெஃப் டீனும் பரோசோவும் 2013இல் காட்டிய கணக்கு இது. அதனால்தான் வல்லுநர்கள் மிக மெதுவான நூற்றில் ஒரு பங்கைத் தனியே பார்க்கிறார்கள்.

அளக்கும் கருவியும் ஏமாற்றும். முந்தைய பதில் வந்த பிறகே அடுத்த கேள்வியை அனுப்பும் சோதனைநிரல், கட்டமைப்பு உறைந்து நிற்கும்போது தானும் சும்மா இருந்துவிடும். அந்த நேரத்தில் வந்திருக்கவேண்டிய மோசமான அளவுகள் ஏட்டில் ஏறாது. இப்படி உறைவது வெறும் கற்பனையல்ல. இதே மில்லெனியம் மென்பொருளுக்கு லண்டனின் முதன்மைச் சந்தை 2011 பெப்ரவரி 14இல் மாறியது; 25ஆம் திகதி வர்த்தகம் சுமார் நான்கு மணி நேரம் நின்றது. மைக்ரோசெக்கன் பெருமைக்குள் அந்த நான்கு மணி நேரத்துக்கு இடமில்லை.

வேகம் கூட்டக் கணினிகளைப் பெருக்கினால் போதாது. வேலையில் பத்தில் ஒரு பங்கு வரிசையாகத்தான் நடந்தாக வேண்டுமென்றால், எத்தனை கணினி சேர்த்தாலும் வேகம் பத்து மடங்கை மீறாது. ஆம்டால் 1967இல் முன்வைத்த வாதத்திலிருந்து பெறப்படும் வரம்பு இது.

விளையாட்டு உலகம் வேறு வழி கண்டது. ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் என்ற கணினி விளையாட்டை உருவாக்கியவர்கள் ஆட்டக்காரர்களைக் கவனித்தபோது, 80க்கும் 500 மில்லிசெக்கனுக்கும் இடையே தாவும் தாமதத்தைவிட, மாறாத 500ஐயே அவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். ஆகவே ஆட்ட நேரத்தைச் சிறு சுற்றுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டளையும் இரண்டு சுற்றுகள் பிந்தியே நிறைவேறும்படி அமைத்தார்கள். ஒரு சுற்றின் நீளத்தை இணைப்பின் நிலைக்கேற்பக் கூட்டிக் குறைத்தார்கள்.