காம்பார் குன்றில் விழுந்த கிராமத்துப் பிள்ளை

ஈப்போவிலிருந்து கோப்பெங் வழியாகப் பழைய நெடுஞ்சாலையில் தெற்கே போகிறவர்களுக்குக் காம்பார் என்றால் ஈய லம்பமும் கறிக்கோழி ரொட்டியும் நினைவுக்கு வரும். இடப்பக்கம் 4,000 அடிக்கு மேல் நிமிர்ந்து நிற்கும் புஜாங் மலாக்கா மலையைப் பலரும் பார்த்திருப்பார்கள். அந்த மலையடிவாரக் குன்றுகளில் 1942-ஆம் ஆண்டு ஜனவரி 2-ஆம் நாள் என்ன நடந்தது என்று கேட்டால், எத்தனை பேர் பதில் சொல்வோம்?

அன்று அங்கே உயிர்விட்டவர்களில் பலர் பஞ்சாப் கிராமங்களிலிருந்து வந்த சீக்கிய இளைஞர்கள். நம் ஊரில் பழைய தலைமுறை அவர்களை 'வங்காளி' என்றே அழைத்தது. வங்காளத்தின் கல்கத்தா துறைமுகத்தில் கப்பலேறி வந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. சொந்த மாநிலத்தின் பெயர்கூட அவர்களுக்குச் சரியாகக் கிடைக்கவில்லை!

ஏர் பிடித்த கை

அந்த இளைஞர்களில் ஒருவனை எடுத்துக்கொள்வோம். உழவர் வீட்டுப் பிள்ளை. அண்ணன் தம்பிகளுக்குப் பங்கு பிரித்தால் மிஞ்சுவது சிறு துண்டு நிலம். வட்டிக் கடன் தலைக்கு மேல். வீட்டில் ஒருவன் பட்டாளத்துக்குப் போனால் மாதாமாதம் பணம் வரும். ஓய்வு பெற்றால் ஓய்வூதியம் உண்டு. கொஞ்சம் யோகம் இருந்தால் கால்வாய்ப் பாசன நிலமும் கிடைக்கும். கட்டாய ஆள் சேர்ப்பு இல்லாத இந்திய ராணுவத்துக்கு இவனைத் தள்ளியது பெரும்பாலும் வீட்டு நிலைமைதான்.

1857 கிளர்ச்சிக்குப் பிறகு, 'போர்க்குடி' என்று தாங்கள் முத்திரை குத்திய இனங்களையே ஆங்கிலேயர் அதிகம் சேர்த்தார்கள். ஒரே பட்டாளத்துக்குள் சீக்கியருக்கு ஒரு கம்பெனி, பஞ்சாபி முஸ்லிம்களுக்கு ஒரு கம்பெனி என்று பிரித்து வைத்தார்கள். அதே கொள்கைதான் தமிழர்களைப் படையிலிருந்து ஒதுக்கியது. 1920-களில் கலைக்கப்பட்ட மதராஸ் காலாட்படை, இரண்டாம் உலகப்போர் வந்த பிறகுதான் மீண்டும் உயிர் பெற்றது.

போர் தொடங்கியதும் இந்திய ராணுவம் மளமளவென்று பெருத்தது. அனுபவசாலிகளைப் புதிய படைகளுக்குப் பிரித்து அனுப்பினார்கள். அந்த இடத்தில் அரைகுறைப் பயிற்சி பெற்ற பிள்ளைகள் வந்து நின்றார்கள். இவர்களில் பலர் டாங்கியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. மலாயாவைக் காக்க வந்த பிரிட்டிஷ் தரப்பிடம் ஒரு டாங்கிகூட இருக்கவில்லை!

மூன்று குன்றுகள்

1941 டிசம்பர் 8-இல் கோத்தா பாருவில் ஜப்பானியர் இறங்கினார்கள். சில நாட்களில் ஜித்ரா விழுந்தது. அடுத்து குரூண். பின்வாங்கல் மேல் பின்வாங்கல். ஆட்கள் குறைந்துபோனதால் லெஸ்டர், ஈஸ்ட் சர்ரே ஆகிய இரண்டு ஆங்கிலேயப் பட்டாளங்களை இணைத்து 'பிரிட்டிஷ் பட்டாலியன்' என்று பெயரிட்டார்கள். ஜாட் பட்டாளத்தையும் எட்டாவது பஞ்சாப் ரெஜிமெண்டின் முதல் பட்டாளத்தையும் அப்படியே சேர்த்துத் தைத்தார்கள். நம் இளைஞன் இருந்தது அந்தப் பஞ்சாப் பட்டாளத்தில்.

காம்பாரில்தான் இவர்கள் திரும்பி நின்றார்கள். லம்பங்களால் காடழிந்து வெட்டவெளியாகக் கிடந்த நிலம் பீரங்கிகளுக்கு வசதியாக அமைந்தது. தாம்சன், கிரீன், சிமெட்ரி என்ற மூன்று குன்று வரிசைகளில் பதுங்கு குழி வெட்டினார்கள். டிசம்பர் 30-இல் சண்டை தொடங்கியது. புத்தாண்டு நாளில் ஜப்பானின் ஐந்தாவது டிவிஷன் முழு வேகத்தில் மோதியது.

ஜனவரி 2-இல் தாம்சன் குன்றின் சில குழிகள் ஜப்பானியர் கைக்குப் போயின. மீட்கும் முயற்சிகள் தோற்றன. கடைசியில் பஞ்சாப் பட்டாளத்தின் சீக்கியக் கம்பெனிக்கு உத்தரவு வந்தது. கேப்டன் ஜான் கிரகாம், லெப்டினண்ட் சார்லஸ் லேம்ப் முன்னே செல்ல, துப்பாக்கி முனையில் கத்தியைச் செருகிக்கொண்டு, போர்முழக்கத்தோடு அந்த இளைஞர்கள் மேட்டில் ஏறினார்கள். மோர்ட்டார் குண்டும் இயந்திரத் துப்பாக்கியும் எதிரே. லேம்ப் அங்கேயே மாண்டார். கிரகாமின் கால்கள் சிதைந்தன. அந்த நிலையிலும் தன் ஆட்களுக்குக் குரல் கொடுத்தார் என்று பதிவுகள் சொல்கின்றன. பிறகு அவரும் இறந்தார். விழுந்தவர்களைத் தாண்டி ஓடியவர்கள் குழிகளை மீட்டார்கள்.

ஆனால் அன்றிரவே காம்பாரைக் கைவிட வேண்டியதாயிற்று. குன்றில் தோற்றதனால் அல்ல. தெலுக் ஆன்சன் பக்கம், அதாவது இன்றைய தெலுக் இந்தான் பக்கம், கடல் வழியாக ஜப்பானியர் இறங்கியிருந்தார்கள். சாலை பின்னால் துண்டிக்கப்படும் அபாயம். ரத்தம் கொடுத்து மீட்ட இடம் சில மணி நேரத்தில் காலியானது. ஜனவரி 7-இல் சிலிம் ரிவரில் படையே சிதறியது. பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் சரணடைந்தது.

கூலிப்படையா, வீரனா?

வெள்ளைக்காரனுக்காகச் செத்தவனை நாம் ஏன் நினைக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. அவனோடு வந்த ஆயிரக்கணக்கானோர் சிங்கப்பூர் வீழ்ந்த பிறகு இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து அதே வெள்ளைக்காரனை எதிர்த்தார்கள். ஆயிரக்கணக்கானோர் சேர மறுத்துச் சிறைமுகாமில் வாடினார்கள். காம்பாரில் விழுந்தவனுக்கோ அந்தத் தேர்வே கிடைக்கவில்லை. அவன் தன் கம்பெனிக்காரனைக் கைவிடாமல் ஏறினான். அவ்வளவுதான் அவன் செய்தது. சயாம் மரண ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்ட நம் தோட்டப்புற மக்களைப் போல, இவனும் யாரோ தொடங்கிய போரில் பிழைப்புக்காக வந்து மாட்டிய ஏழைதான்.

அதிகாரிகளின் பெயர்கள் புத்தகங்களில் நிற்கின்றன. சிப்பாய்களோ பெரும்பாலும் 'சீக்கியக் கம்பெனி' என்ற இரண்டே சொற்களில் அடங்கிப் போனார்கள். கல்லறை இல்லாதவர்களுக்காகச் சிங்கப்பூர் கிராஞ்சியில் எழுப்பிய நினைவுச் சுவரில் 24,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. தைப்பிங் போர்க் கல்லறையில் உள்ள உலகப்போர்க் கல்லறைகளில் 500-க்கும் மேற்பட்டவை அடையாளம் தெரியாதவை.

இந்தக் கதையை அழியாமல் காத்ததில் பெரும்பங்கு காம்பாரைச் சேர்ந்த ஆசிரியர் சாய் கூய் லூங் அவர்களுடையது. ஒரு சீன ஆசிரியர், ஆங்கிலேயருக்கும் சீக்கியருக்கும் குர்க்காக்களுக்கும் சேர்த்து நினைவு காத்தார்!

அடுத்த முறை காம்பார் வழியாகப் போகும்போது ரொட்டி வாங்கியதோடு திரும்பிவிடாதீர்கள். கிரீன் குன்றில் பழைய பதுங்கு குழிகளின் தடம் இன்னும் இருக்கிறது. பிள்ளைகளை அழைத்துப்போய்க் காட்டுங்கள். எங்கோ ஒரு கிராமத்தில் மகன் வருவான் என்று காத்திருந்த தாய்க்கு, நாம் செலுத்தக்கூடிய மரியாதை அதுதான்.