சொந்தக்காரரும் குத்தகைக்காரரும்: தமிழ்நாட்டில் வாடகை தொழிலான வரலாறு

கொல்லிமலை அடிவாரத்துப் பேளுக்குறிச்சி என்றால் நாமக்கல், சேலம் பக்கத்தில் பலருக்கும் மளிகைச் சந்தைதான் நினைவுக்கு வரும். மிளகு, சீரகம், கடுகு, மல்லி என்று ஆண்டு முழுவதற்கும் வேண்டியதை மொத்தமாக வாங்கிப்போக வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். நமக்கு இங்கே வேண்டியது சரக்கு இறங்கும் தரையைப் பற்றிய கணக்கு. தமிழ்நாட்டு வாரச்சந்தைகளில் தரைக்கு வாடகை உண்டு, சுங்கம் என்பார்கள். உள்ளாட்சிக்குச் சொந்தமான சந்தைகளில் இதை வசூலிக்கும் உரிமையை ஏலம் விடுவது வழக்கம். ஏலம் எடுத்தவரின் ஆட்கள் சந்தை நாளில் ரசீதுப் புத்தகத்தோடு மூட்டைக்கு இவ்வளவு, கூடைக்கு இவ்வளவு, தார்ப்பாய் விரித்த கடைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டே போவார்கள். மழையில் சந்தை கூடாமல் போனால் நட்டம் குத்தகைக்காரர் தலையில். இடத்தை வாடகைக்கு விடுவதையே பிழைப்பாகக் கொண்டவர் யார் என்று தேடினால் முதலில் கண்ணில் படுகிறவர் இவர்தான். அங்கே ஓரடி நிலம்கூட அவருக்குச் சொந்தமில்லை.

சொந்த நிலத்தில், சொந்தக் கட்டடத்தில் அதே வேலையைச் செய்கிறவரைத் தொழில்காரர் என்று ஒப்புக்கொள்ளச் சட்டத்துக்கு வெகுகாலம் மனம் வரவில்லை. வருமான வரிச் சட்டத்தில் ‘வீட்டுச் சொத்து வருமானம்’ என்று ஒரு தனித் தலைப்பு உண்டு. கட்டடத்தின் உரிமையாளருக்கு மட்டுமே அது பொருந்தும். ஆகவே குத்தகைக்காரருக்கு வருவது வியாபார வருமானம். உரிமையாளருக்கு வருவது சொத்தின் விளைச்சல். 1961இல் உச்ச நீதிமன்றம் இதை ஒரு கல்கத்தா வழக்கில் உறுதி செய்தது. சந்தைகளை உருவாக்குவதையே நோக்கமாகப் பதிவு செய்திருந்த ஈஸ்ட் இந்தியா ஹவுசிங் அண்ட் லேண்ட் டெவலப்மென்ட் டிரஸ்ட், நிலம் வாங்கிச் சந்தை கட்டிக் கடைகளை வாடகைக்கு விட்டிருந்தது. நோக்கம் எதுவானாலும் அந்த வாடகை சொத்து வருமானமே என்பது தீர்ப்பு.

வரிச் சட்டம் இப்படிப் பிரித்தது என்றால், வாடகைச் சட்டம் உரிமையாளரின் கையையே கட்டியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சென்னை மாகாணத்தில் வந்த கட்டுப்பாட்டு ஆணைகள், போர் முடிந்ததும் 1946லும் 1949லும் சட்டங்களாயின. 1949ஆம் ஆண்டுச் சட்டம் நியாய வாடகையைக் கணக்கிட 1940 ஏப்ரல் 1க்கு முந்தைய பன்னிரண்டு மாத நிலவரத்தை அடிப்படையாக வைத்தது. விலைவாசி எங்கோ போய்விட்ட காலத்தில் வாடகை மட்டும் போருக்கு முந்தைய நிலவரத்தோடு கட்டப்பட்டுக் கிடந்தது. 1960ஆம் ஆண்டுச் சட்டப்படி, வீடு காலியானால் உரிமையாளர் அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது. 1973ஆம் ஆண்டுத் திருத்தம்தான் கட்டடச் செலவையும் மனை மதிப்பையும் கூட்டி, குடியிருப்புக்கு ஆண்டுக்கு 9 விழுக்காடு, மற்றவற்றுக்கு 12 விழுக்காடு வரவு என்ற கணக்கைக் கொண்டுவந்தது. மாத வாடகை 400 ரூபாயைத் தாண்டும் குடியிருப்புகளுக்கு அளித்திருந்த விலக்கை 1986இல் ரத்தன் ஆர்யா வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. குடியிருப்பவரைக் காப்பதே இந்தச் சட்டங்களின் நோக்கம். அதில் குறை சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் வாடகைக்கென்றே புதிதாக வீடு கட்ட நினைத்தவர் இதையெல்லாம் பார்த்துத் தயங்கியிருந்தால் வியப்பில்லை.

வாடகைத் தொழில் அழிந்துவிடவில்லை, சட்டத்தின் ஓரமாக ஒதுங்கி வளர்ந்தது. ஒரு மாத முன்பணம் என்று ஏட்டில் இருந்தபோதே சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் வழக்கமாகிவிட்டது. திருவல்லிக்கேணியில் ‘ஸ்டோர்’ வீடுகள் இருந்தன: நடுவில் முற்றம், ஒரு கிணறு அல்லது குழாய், சுற்றிலும் ஒற்றை அறைக் குடித்தனங்கள், எல்லாருக்கும் பொதுவான கழிப்பறை. பிறகு மேன்ஷன்கள் வந்தன. அங்கே வீடு போய்க் கட்டில் வாடகைக்கு வந்தது. சேலம், நாமக்கல் ஊர்களில் இன்றும் உள்ள போக்கியம் இன்னும் நுட்பமானது. குடிவருபவர் ஒரு பெருந்தொகையை வீட்டுக்காரரிடம் கொடுத்து வாடகையில்லாமல் இருப்பார். காலி செய்யும்போது முழுத்தொகையும் திரும்ப வேண்டும். அந்தப் பணத்தில் வீட்டுக்காரர் மேல்மாடி எழுப்பி, அதை மாத வாடகைக்கு விடுவார். வங்கிக் கடன் எட்டாதவருக்கு இதுவே முதல். என் பார்வையில், ஒற்றை வீட்டுக்காரரை நான்கு வீட்டுக்காரர் ஆக்கியதில் எந்தச் சட்டத்தையும்விட போக்கியத்துக்குப் பங்கு அதிகம். குடியிருப்பவர் திடீரென்று காலி செய்தால் அடுத்த போக்கியக்காரர் கிடைக்கும்வரை வீட்டுக்காரருக்குத் தூக்கம் இருக்காது என்பது வேறு விஷயம்.

உரிமையாளரும் தொழில்காரர் ஆகலாம் என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது 2015இல், அதுவும் ஒரு சென்னை வழக்கில். சென்னை பிராப்பர்ட்டீஸ் அண்ட் இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்ற நிறுவனத்தின் முதன்மை நோக்கமே சென்னையில் சொத்து வாங்கி வாடகைக்கு விடுவது. அது கணக்குக் காட்டிய வருமானம் முழுவதும் வாடகை. அது வியாபார வருமானமே என்று நீதிபதிகள் ஏ.கே.சிக்ரி, ரோஹின்டன் நாரிமன் அமர்வு தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு ராயலா கார்ப்பரேஷன் வழக்கிலும் இதே முடிவு. தலைப்பு மாறினால் பணமும் மாறும். சொத்து வருமானம் என்றால், நகராட்சி வரியும் கடன் வட்டியும் தவிர்த்து, செலவுக்கென்று 30 விழுக்காடு நிலையான கழிவுதான்; காவலாளி சம்பளமும் தேய்மானமும் தனியாகக் கழியாது. வியாபாரம் என்றால் இரண்டும் கழியும்.

தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் இடத்தில் 2017ஆம் ஆண்டு இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. நியாய வாடகை போய், எழுத்து ஒப்பந்தத்தில் இருவரும் ஒத்துக்கொண்ட தொகையே வாடகை என்றானது. ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். முழுநேரமாக வீடு விடுகிறவருக்கு இதைவிட வசதியான காலம் வந்ததில்லை. அதற்குள் 2024ஆம் ஆண்டு நிதிச் சட்டம், குடியிருப்பு வீட்டை உரிமையாளர் வாடகைக்கு விட்டு வரும் வருமானத்தை வியாபாரத் தலைப்பில் காட்டக்கூடாது என்று வகுத்துவிட்டது. எனவே கீழே கடை, மேலே வீடு என்று கட்டி, வாடகை வாங்குவதையே தொழிலாகப் பதிவு செய்த ஒரு நிறுவனம் இனி இரண்டு கணக்கு எழுத வேண்டும். கடைக்கு வெள்ளையடித்த கூலியைச் செலவில் காட்டலாம். மாடி வீட்டுக்கு அடித்தது அந்த 30 விழுக்காட்டுக்குள் அடக்கம்.