சோடா ரொட்டியும் புதுச்சேரியும்

புதுச்சேரி ரொட்டி என்றால் பிரெஞ்சுக்காரர்களின் நீண்ட ரொட்டிதான் பலருக்கும் நினைவில் எழும். அதே ஊருக்கு அயர்லாந்துக்காரர்களும் வந்தார்கள் என்பது அதிகம் பேசப்படாத செய்தி. தம் நாட்டின் பெயரோடு இன்று ஒட்டிக்கொண்டிருக்கும் சோடா ரொட்டியை அவர்கள் இங்கே சுட்டிருக்க வழியே இல்லை.

1758 ஏப்ரலில் புதுச்சேரியில் வந்திறங்கிய பிரெஞ்சுத் தளபதி லல்லியின் தந்தை, அயர்லாந்தின் கால்வே பகுதியிலிருந்து புலம்பெயர்ந்தவர். லல்லியின் பெயரையே தாங்கிய அயர்லாந்துப் படைப்பிரிவு பிரெஞ்சு அணியில் சிவப்புச் சட்டையோடு நின்றது. எதிரணியில் வந்தவாசியில் வென்று, 1760இன் பிற்பகுதியில் புதுச்சேரியை முற்றுகையிட்ட அயர் கூட் லிமெரிக்கில் பிறந்தவர்.

கோதுமை விளையாத கரை இது. ஆங்கிலேயக் கப்பல்கள் கடலை அடைத்ததும் ரொட்டி மட்டுமல்ல, அரிசியும் அரிதாயிற்று. நவம்பர் இறுதியில், உணவை மிச்சப்படுத்த, ஊர்மக்கள் சுமார் 1,400 பேரை லல்லி கோட்டைக்கு வெளியே துரத்தினார். கூட் அவர்களைத் தம் காவல்வரிசையைக் கடக்க விடவில்லை. இரு படைகளுக்கும் நடுவே எட்டு நாட்கள் வேரையும் புல்லையும் தின்று கிடந்தார்கள். பிறகே வழி திறந்தது. முற்றுகை வரலாறுகள் பீரங்கிகளைத்தான் விரிவாக எண்ணுகின்றன. எனக்கு இந்த எட்டு நாட்களே அதன் மையமாகத் தோன்றுகின்றன. 1761 ஜனவரியில் நகரம் வீழ்ந்தது. ஆனந்தரங்கப் பிள்ளை காலமானதும் அதே மாதம்தான்.

அந்தச் சிப்பாய்களிடம் சோடா ரொட்டி என்றால் விழித்திருப்பார்கள். அந்நாளில் ஐரோப்பாவில் மாவை உப்பவைத்தது மதுநுரை. இந்தியாவிலிருந்த ஐரோப்பியருக்கோ கள். உப்பிலிருந்து சோடா தயாரிக்கும் முறைக்கு லெப்ளாங்க் உரிமம் பெற்றது 1791இல். சோடா மலிவான பிறகே அது அயர்லாந்தின் அடுக்களைகளுக்குள் நுழைந்தது. 1836இல் நியூரி நகரச் செய்தித்தாளில் வந்த செய்முறை ஒன்று கோதுமை மாவு, உப்பு, சோடா, நன்கு புளித்த மோர் ஆகியவற்றோடு முடிகிறது. தட்டையான சட்டியில் வைத்து, அடியில் இருபது நிமிடம் சூடு. பிறகு மூடிமேல் தணல் போட்டு அரைமணி. அடுப்பறை கட்டாத ஏழை வீட்டின் ரொட்டி அது. அங்கு விளையும் மென்கோதுமை ஈஸ்டில் சரியாக எழும்பாது என்பதும் ஒரு காரணம்.

நம் ஊரிலும் இதே மாற்றம் நிகழ்ந்தது. கள்ளில் புளித்த ஆப்பமாவுக்குச் சோடா வந்து சேர்ந்தது. அவர்கள் ரொட்டிக்குச் சோடாவின் பெயரை வைத்தார்கள். நாம் சோடாவுக்கு ஆப்பத்தின் பெயரை வைத்து ‘ஆப்ப சோடா’ என்கிறோம்.

ஆகவே புதுச்சேரி வீடொன்றில் இதைச் சுட எதையும் தேடி அலைய வேண்டியதில்லை. இரண்டு குவளை கோதுமை மாவு, அரைத் தேக்கரண்டி ஆப்ப சோடா, உப்பு, பிசைய வேண்டிய அளவு புளித்த மோர். மோரின் புளிப்பு பட்டவுடன் சோடா நுரைக்கத் தொடங்கும். ஆகவே காத்திருக்கக் கூடாது. சப்பாத்தி மாவைப் போல அழுத்திப் பிசைந்தாலும் கெட்டது. தளர்வாகச் சேர்த்து, வட்டமாக்கி, மேலே சிலுவைபோல் ஆழக் கீறி, நன்கு சூடேறிய கனத்த சட்டியில் வைத்து, மூடிமேல் தணலிட வேண்டும். விறகடுப்பு ஒழிந்த வீடுகளில் மின் அடுப்பில் 200 பாகையில் முக்கால் மணி நேரம். அடியைத் தட்டினால் வெற்றோசை வர வேண்டும். சூடு ஆறுமுன் வெண்ணெயோடு உண்பது உத்தமம். மறுநாளைக்கு மிஞ்சினால் தோசைக்கல்லில் வாட்டிக்கொள்ளலாம்.